கருகிய மீசையும் நிற்காத இதயமும்

மயக்க மருந்துத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரு சந்தோஷச் சேதி சொல்லிவிடுகிறேன். நீங்கள் எவ்வளவு திறமையாக வேலை பார்த்தாலும் உங்கள் முகம் எந்த நோயாளிக்கும் நினைவிருக்காது. கண்ணைத் திறந்ததும் அவர்கள் தேடுவது சர்ஜனைத்தான். மாலை, பழத்தட்டு, போட்டோ எல்லாம் அவருக்கு. நமக்கு, "குட்டையா ஒரு அம்மா வந்து ஊசி போட்டாகளே" என்பதோடு சரி. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கூட்டம் முழுக்க சர்ஜனைச் சுற்றி நிற்கும்போது நாம் பாட்டுக்குக் கேன்டீனுக்குப் போய்ச் சூடாகப் பணியாரம் சாப்பிடலாம். ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் செய்தேன், என் உடம்பைப் பார்த்தாலே தெரியும்.

எந்த மருந்து எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது, இப்போது உங்கள் போனிலேயே எல்லாம் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. காரைக்குடியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பைபாஸ் ஆபரேஷனுக்கு ஒருவர் கருகிய மீசையோடு வந்து படுத்தார். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது. அன்றைக்குப் பாதி நாள் எனக்கு உயிர் உடம்பில் இல்லை என்பதும் உண்மை.

அவருக்கு ஊர் வலையபட்டி. பூர்வீக வீட்டை ஹோட்டலாக மாற்றி, வெளிநாட்டுக்காரர்களுக்கு இலையில் ரசம் சாப்பிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த செட்டியார். நாங்கள் வலையபட்டியார் என்றே கூப்பிட்டோம். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. அட்மிட் ஆன முதல் நாளே வார்டு முழுக்க யார் யாருக்கு எந்த ஊர் என்று விசாரித்து முடித்து, நர்ஸ் ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி எங்கள் எல்லாருக்கும் ஆச்சி. ஆச்சி அதிகம் பேச மாட்டார். அவர் பேசுவதற்கு வீட்டில் இடமே மிஞ்சியிருக்காது என்பது என் அனுமானம்.

வலையபட்டியாரின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாவற்றிலும் அடைப்பு. வழக்கமான பைபாஸ் என்றால் இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை இதய நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, நிதானமாகத் தைக்கலாம். ஆனால் அந்த இயந்திரத்தை இணைக்க, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயில் துளை போட வேண்டும், அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இவருக்கு அந்தக் குழாயின் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு படிந்து ஸ்கேனில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. தொட்டால் காறை பெயர்கிற மாதிரி ஒரு துணுக்கு பெயர்ந்து நேரே மூளைக்குப் போய்விடும். ஆள் பிழைப்பார், ஆனால் வலது கையும் பேச்சும் போய்விடலாம். பேசாத வலையபட்டியாரை எங்களால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இயந்திரம் இல்லாமல், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தைப்பது என்று முடிவானது. தூளியில் ஆடுகிற பிள்ளைக்குக் கண்மை இடுகிற வேலை அது. தைக்கிற இடத்தை மட்டும் ஒரு சின்னக் கவ்வியால் அசையாமல் பிடித்துக்கொள்வார்கள், மற்றதெல்லாம் துள்ளிக்கொண்டே இருக்கும். பின்பக்கக் குழாயைத் தைக்க இதயத்தையே மேலே தூக்கிப் புரட்ட வேண்டும். தூக்கினால் ரத்த அழுத்தம் விழும். விழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. எனக்கும் சர்ஜனுக்கும் நடுவே அதற்கு இரண்டே வார்த்தைகள்தான். "எடுங்க" என்றால் தூக்கலாம், "வைங்க" என்றால் பேசாமல் கீழே வைத்துவிட வேண்டும். சர்ஜன் என்னைவிட ரொம்பச் சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வெளியே அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த இரண்டு வார்த்தைகளுக்குக் கட்டுப்படுவார்.

அன்று காலை முதல் கேஸ் இவர்தான். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் வழக்கம்போல, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். முகமூடியை வைக்கலாம் என்று குனிந்தேன். மீசையின் இடது பக்கம் பாதியைக் காணோம். மிச்சம் சுருண்டு கருகியிருந்தது. பக்கத்தில் போனால் நெய் வாசனை வேறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மீசைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். காற்று ஒரு பக்கமாக அடித்துவிட்டது என்றார். காற்று அடித்தால் மீசை பறக்கும், கருகுமா என்றேன். அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. மறைக்கிற சுபாவமும் இல்லை.

அன்றைக்குப் பிள்ளையார் நோன்பு. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, நாங்கள் காளையார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம். நகரத்தார் வீடுகளில் அது பெரிய நாள். புது வேட்டியிலிருந்து உருவிய இருபத்தொரு நூல்களைத் திரியாகத் திரித்து, வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த மாவு உருண்டையில் செருகி, ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுப்பது என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு மூத்தவர் கையால்தான் மற்றவர்கள் வாங்க வேண்டும். மாலையில் விளக்கு வைத்த பிறகு எடுப்பதுதான் முறை. ஆனால் மாலையில் நாம் எந்த நிலையில் இருப்போமோ என்று வலையபட்டியார் யோசித்திருக்கிறார். விடிகாலையில் ஆச்சி அவரை வீல்சேரில் வைத்து, வார்டில் ஆக்ஸிஜன் இருக்கிறது, நெருப்பு ஆகாது என்று பொறுப்பாகக் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். காவலாளி துண்டை விரித்துக் காற்றுக்குத் தடுப்புப் பிடித்திருக்கிறார். சாமி கும்பிடத்தானே போகிறார்கள் என்று நர்ஸும் கூடவே போயிருக்கிறாள். இப்படி ஒரு ஆஸ்பத்திரியே சேர்ந்து ஒரு நோயாளியின் வயிற்றை நிரப்பி எனக்கு அனுப்பி வைத்தது.

"சாப்பிடலன்னு சொன்னீகளே," என்றேன்.

"சாப்பிடல டாக்டரம்மா. நோன்பு எடுத்தேன். அதுவும் சாப்பாடும் ஒண்ணா?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பொழச்சா அடுத்த வருசமும் எடுக்கலாம். பொழைக்காட்டி எனக்கு இந்த வருசந்தானே இருக்கு?" என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்த நாளுக்குப் பிறகு நான் யாரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டதே இல்லை. காலையிலிருந்து வாய்க்குள்ளே என்னென்ன போயிற்று என்று கேட்பேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். துளசி, திருநீறு, வெற்றிலை, மாமியார் கொடுத்த லேகியம் எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

வயிற்றில் நெய் மாவு இருக்கும்போது மயக்கினால், அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கெட்டியான சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கேஸைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கிறேன் என்றேன். சர்ஜன் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. நெல்லிக்காய் அளவு மாவுக்காக ஒரு நாள் தியேட்டரையே முடக்க வேண்டுமா என்றார். வலையபட்டியாரோ, நோன்பு எடுத்தவருக்கு எதுவும் ஆகாது, நீங்கள் தைரியமாக ஊசியைப் போடுங்கள் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நம் தொழிலில் "இப்போது வேண்டாம்" என்று சொல்கிறவர் எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்குவார். பயப்படாதீர்கள், அதில் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டீர்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய் இட்லி சாப்பிட்டேன்.

மதியம் வரை எல்லாம் சரியாக இருந்தது. தியேட்டர் வாசலை ஒட்டிய அறையிலேயே அவரைப் படுக்க வைத்திருந்தோம். அவர் சர்ஜனிடம் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சத்தம் என் அறைவரை கேட்டது. அந்தச் சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஆச்சி கவனித்தார். செருப்புக்கூடப் போடாமல் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, அவுக பேச்ச நிப்பாட்டிட்டாக. செத்த இங்குட்டு வாங்க."

எத்தனையோ மானிட்டர்களின் அலறலைக் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை அப்படி ஓட வைத்ததில்லை. போய்ப் பார்த்தால் முகமெல்லாம் வியர்வை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஈசிஜி மாறிவிட்டது. நான் விதித்த நேரம் இன்னும் வரவில்லை, ஆனால் இதயம் அதுவரை காத்திருக்காது. காலையில் எல்லாரும் போகலாம் என்றபோது வேண்டாம் என்றவள் நான். இப்போது எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, உடனே உள்ளே தள்ளுங்கள் என்று சொன்னதும் நான்தான். மாற்றிச் சொல்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். காலையில் இருந்த நோயாளி வேறு, மதியம் இருந்தவர் வேறு.

இனிமேல்தான் சிக்கல். வயிறு நிறைந்தவரைச் சட்டென்று தூங்க வைத்துத் தொண்டையில் மூச்சுக்கான குழாயைப் போட்டுவிட வேண்டும். இதயம் கெட்டவரை மெள்ள மெள்ளத் தூங்க வைக்க வேண்டும். இவர் இரண்டும். வேகமாகப் போனால் அழுத்தம் சரிந்து இதயம் நிற்கும், மெதுவாகப் போனால் மாவு மேலே வரும். நான் இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் மாப்பிள்ளை பார்த்த நர்ஸ் கூடவே உள்ளே வந்திருந்தாள், எதுவும் மேலே வராதபடி தொண்டைக் குருத்தெலும்பை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், விரலை எடுத்தால் உனக்குப் பார்த்த மாப்பிள்ளை கிடையாது என்றும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தும் விரல் அசையவில்லை. குழாய் போய்விட்டது, எதுவும் மேலே வரவில்லை.

பிறகு வயிற்றுக்குள் ஒரு குழாயை விட்டு உறிஞ்சினேன். முதலில் நெய். பிறகு வெல்லத் தண்ணீர். அதன்பின் பொரி, எள், தேங்காய்த் துணுக்கு! இழை மட்டும் எடுத்த மாதிரி சொன்ன மனிதர் நோன்புத் தட்டையே முடித்துவிட்டு வந்திருக்கிறார். தியேட்டர் முழுக்கப் பலகாரக் கடை வாசனை. மதியச் சாப்பாடு சாப்பிடாத இயந்திரக்காரர், அதாவது அவசரத்துக்கென்று இதய நுரையீரல் இயந்திரத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தவர், தன் வயிறு கத்துவதாகச் சொன்னார். சர்ஜன் தம்பி அந்தக் குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை கழுவப் போனார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை ரசிக்கிறேன்.

முன்பக்கக் குழாய் அழகாகத் தைத்து முடிந்தது. அதற்கு இதயத்தைத் தூக்க வேண்டியதில்லை. நெஞ்சுச் சுவரின் உட்பக்கத் தமனியிலிருந்தே புதுப் பாதை போட்டதால் பெரிய குழாயைத் தொடவே இல்லை. அடுத்தது பின்பக்கம். எடுங்க என்றேன். தூக்கினார். அழுத்தம் கடகடவென்று இறங்கியது. வைங்க என்றேன். வைத்தார், ஏறியது. கட்டிலைத் தலைப்பக்கம் சாய்த்து, மருந்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை இறங்கியது இன்னும் மோசம். வைங்க என்று கத்தியே விட்டேன். வைத்த பிறகும் அழுத்தம் சட்டென்று ஏறவில்லை. இயந்திரக்காரர் முக்காலியை விட்டு எழுந்து குழாய்களைக் கையில் எடுத்துவிட்டார்.

"மேடம், மெஷினுக்குப் போயிருவோமா?" என்று தம்பி கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். போனால் இதயம் பிழைக்கும், ஆனால் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் கை வைக்க வேண்டும். போகாமல் நான் இழுத்துக்கொண்டே இருந்தால், ரத்தம் போதாமல் அதே மூளை பட்டினி கிடக்கும். எப்படிப் பார்த்தாலும் அந்த மனிதரின் பேச்சும் கையும்தான் பணயம். ஒரு நிமிஷம் என்றேன்.

மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதயத்தைப் புரட்டிவிட்டால் ஈசிஜிக் கோடு எப்படியும் சுருங்கித்தான் தெரியும், எண்கள் அழுத்தம் விழுந்ததைச் சொல்லும், ஏன் விழுந்தது என்று சொல்லாது. திடீரென்று எனக்கு உறைத்தது. இதயம் இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது, நான் எதற்கு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நமக்கும் சர்ஜனுக்கும் நடுவே கட்டியிருக்கும் திரை என் நெற்றிவரை வரும். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, தம்பி, மெதுவாகக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். மேலே ஏறியவள் விழுந்துவிடாமல் இருக்க நர்ஸ் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கச் சர்க்கஸ் மாதிரி இருந்திருக்கும்.

அவர் பக்கவாட்டில் நிற்பவர், நான் தலைமாட்டில். அங்கிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தூக்கியதும் இதயத்தின் வலது பாதி நெஞ்செலும்பின் ஓரத்தில் போய் இடித்து நசுங்கியது. உள்ளே ரத்தம் நிரம்பவே இடமில்லை, பிறகு எதைப் பம்ப் செய்யும்? "வலது பக்கம் நெருக்குது தம்பி. அங்குட்டு இடம் பண்ணிக் குடுங்க," என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. இதயத்துக்கு வலது பக்கம் இருக்கும் உறையைத் திறந்து விட்டார், இதயம் சாய்ந்துகொள்ள இடம் கிடைத்தது. இதயத்தைக் கொஞ்ச நேரம் அதன்பாட்டுக்கு விட்டோம். அழுத்தம் ஒருவழியாக மேலே வந்தது.

தம்பியின் கை காத்திருந்தது. இயந்திரக்காரர் காத்திருந்தார். அந்த வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அது தப்பாகிவிட்டால் வேறு யாரையும் கைகாட்ட முடியாது. எடுங்க என்றேன். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, நின்றது, அங்கேயே நின்றது. தம்பி தைத்து முடித்து முடிச்சுப் போடுகிறவரை யாரும் மூச்சுவிட்ட மாதிரி தெரியவில்லை. கடைசி முடிச்சு விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முக்காலியின் மேலேயே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். தம்பிக்கும் தொற்றிக்கொண்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரியுங்கள் என்று அவரை நான் அதட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் நம் கணக்கு நெஞ்சை மூடுவதோடு முடிவதில்லை. நான் கேட்ட அந்த ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் மூளைக்குப் போதுமான ரத்தம் போனதா என்று அவர் கண் விழித்தால்தான் தெரியும். ஐசியுவில் அவர் கட்டிலை விட்டு நான் நகரவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இமை அசைந்தது. வலையபட்டியாரே, என் விரலைப் பிடியுங்கள் என்றேன். இடது கை லேசாகப் பிடித்தது. வலது கையில் என் விரலை வைத்துக் கேட்டேன். அது போட்டது போட்டபடி கிடந்தது. மறுபடி கேட்டேன், கொஞ்சம் உரக்கவே கேட்டேன். ஒன்றும் இல்லை. மயக்கம் தெளிய நேரமாகும் என்று உங்களிடம் நூறு தடவை சொல்வேன். அந்த இடத்தில் அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது துளிகூட நம்பிக்கை வரவில்லை. அழுகைதான் வந்தது.

அப்போது வாசலில் ஆச்சி. கையில் மூடிய வெள்ளித் தட்டு. கீழே ஹாலில் பங்காளிகள் எல்லாரும் வேன் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் காத்திருக்கிறான் என்றார். மூத்தவர் கையால் இழையை எடுத்துக் கொடுக்க வேண்டும், திரியை வெளியே போய் ஏற்றிக்கொள்கிறோம், அவர் கையைத் தட்டில் ஒரு தடவை தொட வைத்தால் போதும் என்று கேட்டார். ஐசியுவுக்குள் இதெல்லாம் ஆகாது. ஆனாலும் கவுன் போட்டுக் கை கழுவிக்கொண்டு வரச் சொன்னேன்.

ஆச்சிக்கு என் பயம் எதுவும் தெரியாது. நேரே வலது பக்கம் போய், தட்டை அவர் கையருகே வைத்து, வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"இந்தாங்க, நேரமாச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக. எடுத்துக் குடுங்க."

விரலில் மாட்டிய கிளிப்போடு அந்த வலது கை மெத்தையை விட்டு எழும்பியது. தட்டைத் தடவியது. ஓர் உருண்டையைக் கண்டுபிடித்து, நசுக்காமல் எடுத்து, திரி மேலே பார்க்கும்படி திருப்பி, ஆச்சியின் பக்கம் நீட்டியது. ஆச்சி வாங்கிக்கொண்டார். கை மறுபடி தட்டுக்குப் போய் அடுத்த உருண்டையைத் தேடியது. வாயில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை, ஆனால் கண் திறந்திருந்தது, அந்தக் கண் அடுத்த ஆளைத் தேடியது.

கதவருகே சர்ஜன் தம்பியின் தலை தெரிந்தது. அவருக்கும் உள்ளே வரப் பயம்.

"மேடம், வலது கை அசையுதா?" என்றார்.

எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "வந்து வரிசையில நில்லுங்க தம்பி," என்றேன்.